சிகாகோவில் செண்டுமல்லி

அக்டோபர் 29, 2023, ஞாயிறு

இண்டியானாபோலிஸிலிருந்து சிகாகோவுக்கு மூன்றரை மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது, வந்து சேர ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது, எஞ்சினில் ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாம். மாற்று வண்டி வரும்வரை ஒரு பெட்ரோல் பங்கின் கூரைக்கு அடியில் நாற்பது பேரும் நின்றோம். தூறல், காற்று, ஒரே ஒரு கழிப்பறை. எனக்கு முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, அறுபது வயது இருக்கும், பையிலிருந்து பொரித்த சோள ரொட்டியையும் மசித்த பயறு ஒரு டப்பாவையும் எடுத்து முதலில் ஓட்டுநரிடம் நீட்டினார். அதுவரை எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். அப்புறம்தான் எங்களுக்கு. நான் தயங்கியதைப் பார்த்து, கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்துவிட்டார். பயறில் சுட்ட மிளகாயின் மணம். இந்தப் பயணத்தில் முதல் சாப்பாடு அதுதான்.

ஏன் கிளம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பொங்கல், சித்திரை என்று விழா நடத்துகிறோம், நன்றாகவே நடத்துகிறோம். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் நாங்களேதான். பக்கத்துத் தெரு அமெரிக்கர் ஒருவர் வந்தால் அவரை எங்கே உட்கார வைப்பது, என்ன சொல்லி விளக்குவது என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் செயற்குழுவில் இதை எழுப்பினேன், பேச்சு வளர்ந்து ஒன்றுமில்லாமல் போனது. அலுவலகத்தில் கூட வேலை செய்யும் மெக்ஸிகோக்காரத் தோழியிடம் புலம்பியபோது, “பில்சனுக்குப் போய்ப் பார், இறந்தோர் நாளுக்கு முன்னால் போ” என்றாள். பில்சன் சிகாகோவில் மெக்ஸிகோக்காரர்கள் வாழும் பகுதி. இறந்தோர் நாள் என்பது நவம்பர் முதல் இரண்டு நாளும் இறந்தவர்களுக்குப் படையல் வைக்கிற அவர்களுடைய விழா. அவ்வளவுதான், பிள்ளைகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தங்கியது பில்சனில் ஒரு வீட்டு மாடி அறையில், இரவுக்கு 65 டாலர். வீட்டுக்கார அம்மா குவானஹுவாத்தோ மாநிலத்திலிருந்து 1979-ல் வந்தவர். கதவைத் திறந்ததும் “மிஹா, நனைந்துவிட்டாயே” என்றார். மிஹா என்றால் ‘என் மகளே’. நம் பக்கம் முன்பின் தெரியாத பெண்ணைக்கூட ‘என்னம்மா’, ‘வா தாயி’ என்று கூப்பிடுவோமே, அதே குரல்தான்.

அக்டோபர் 30, திங்கள்

காலையில் கிளம்பி இங்கிருக்கும் மெக்ஸிகோ கலை அருங்காட்சியகத்துக்குப் போனால் பூட்டிக் கிடக்கிறது. திங்கள் விடுமுறை. நான்தான் பார்க்காமல் வந்துவிட்டேன். போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், செவ்வாய் முதல் ஞாயிறு வரைதான் திறந்திருக்கும்.

சரி, பகல் முழுக்க நடந்தே தீர்த்தேன். பில்சன் என்ற பெயரே செக் நாட்டுப் பெயர். 1870-களில் பொஹீமியாவிலிருந்து வந்த செக் மக்கள் தங்கள் பில்சன் நகரத்தின் பெயரை இங்கே வைத்தார்கள். 18-வது தெருவில் நிற்கும் தாலியா ஹால் அவர்கள் 1892-ல் கட்டியது. மெக்ஸிகோக்காரர்கள் பெருமளவில் இந்தப் பக்கம் வந்ததற்கு ஒரு காரணம், 1960-களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காக, வடக்கே அவர்கள் இருந்த பகுதியை இடித்துத் தள்ளியது. இப்போது மறுபடி அதே கதை வேறு விதமாக நடக்கிறது. வாடகை ஏறி ஏறி, இந்தச் சுவர்களில் ஓவியம் வரைந்த குடும்பங்களே இங்கே இருக்க முடியாமல் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. ஒரு பழைய ரொட்டிக் கடைக்குப் பக்கத்திலேயே ஏழு டாலருக்குக் காபி விற்கும் கடை. எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சுவரோவியங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. 16-வது தெருவில் ரயில் பாதையைத் தாங்கும் நீண்ட சுவர் முழுக்க ஓவியம். 18-வது தெரு ரயில் நிலையத்தில் படிக்கட்டைக்கூட விடவில்லை. அடிக்கடி கண்ணில் பட்டது ஆரஞ்சும் கருப்புமான மொனார்க் பட்டாம்பூச்சி. எருக்குக் குடும்பத்துச் செடிகளைத் தின்று வளர்கிற இந்தப் பூச்சி, இலையுதிர் காலத்தில் இந்த வட்டாரத்திலிருந்தெல்லாம் கிளம்பி மெக்ஸிகோவின் மிச்சோவகான் மலைக்காடுகளுக்குப் பறக்கிறது. சரியாக நவம்பர் தொடக்கத்தில் போய்ச் சேரும். இறந்தவர்களின் உயிர்தான் திரும்பி வருகிறது என்று அங்கே உள்ளவர்கள் சொல்வார்கள். பாஸ்போர்ட் கேட்காத பயணம். எல்லையைத் தாண்டி வந்த மக்கள் அதைத் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

ரொட்டிக் கடையில் ஒரு தட்டையும் இடுக்கியையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள், நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இறந்தோர் நாளுக்கென்றே செய்கிற ‘பான் தே முவெர்த்தோ’ சிறியது 3 டாலர். உருண்டை ரொட்டியின் மேல் எலும்பு வடிவில் மாவு வைத்து, சர்க்கரை தூவியிருக்கும். ஆரஞ்சுத் தோல் மணம், லேசாகச் சோம்பு. உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே போகிற ஒவ்வொருவரும் என் மேசையைத் தாண்டும்போது “ப்ரோவேச்சோ” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ‘சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும்’ என்கிற மாதிரியான சொல். முன்பின் தெரியாத ஆட்கள், வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பவர்கள், ஒருவர்கூடச் சொல்லாமல் போகவில்லை. மூன்றாவது ஆளுக்குப் பிறகு நானும் மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

எழுந்து ஜன்னலைத் திறந்தால் பனி! அக்டோபரில்! ஓர் அங்குலம்கூட இருக்காது, ஆனால் காற்று முகத்தை அறைகிறது. நான் கொண்டு வந்தது மெல்லிய கோட்டு. வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் மகளுடைய கம்பளிச் சால்வையைக் கொண்டு வந்து கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

அருங்காட்சியகத்தின் பெயர் மெக்ஸிகோ கலைக்கான தேசிய அருங்காட்சியகம். பூங்காவுக்குள் இருக்கும் தாழ்வான செங்கல் கட்டடம், பெயரைப் பார்த்து மாளிகையை எதிர்பார்த்துப் போக வேண்டாம். 1982-ல் கார்லோஸ் தோர்த்தொலேரோ என்ற பள்ளி ஆசிரியரும் இன்னும் சில ஆசிரியர்களும் சேர்ந்து, கையில் 900 டாலரோடு ஆரம்பித்தார்கள். தங்கள் மாணவர்களுக்குத் தங்கள் கலை எதுவும் தெரியாமலேயே போகிறதே என்ற ஆதங்கம்தான். நகரப் பூங்காத் துறையிடம், படகு வேலை நடந்த பழைய பட்டறை ஒன்றைக் கேட்டு வாங்கி, 1987 மார்ச்சில் கதவைத் திறந்தார்கள். 2001-ல் விரிவாக்கினார்கள். 2021-ல் மெக்கென்சி ஸ்காட் என்ற கொடையாளர் 80 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார். 900-லிருந்து அந்தத் தொகைக்கு வருவதற்கு நடுவே 39 வருடம். நுழைவுக் கட்டணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கட்டணம் இல்லை என்பதை எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரியலாம். நேரில் பார்த்தால்தான் தெரியும். எனக்கு முன்னால் கட்டட வேலைச் சட்டையில் சிமெண்ட் காய்ந்திருந்த ஒருவர், ஏழெட்டு வயது மகளோடு நேராக உள்ளே நடந்து போனார். பர்ஸை எடுக்கவில்லை, ‘இங்கே எனக்கு என்ன வேலை’ என்று வாசலில் நிற்கவும் இல்லை. தன் வீட்டுத் திண்ணையில் ஏறுவது போல ஏறிப் போனார். எங்கள் ஊரில் பொங்கல் விழாவுக்கு 25 டாலர் டிக்கெட் வைத்து, ‘சாப்பாடு போடுகிறோமே’ என்று சொல்லிக்கொள்வோம். நான்கு பேர் குடும்பத்துக்கு நூறு டாலர். யார் வராமல் போனார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

உள்ளே நுழைந்ததும் மணம்தான் முதலில் வந்தது. செண்டுமல்லி.

நான் நிலக்கோட்டைக்காரி. எங்கள் வீட்டுக்கு எதிரே பூ மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிகள் விடியற்காலையில் வரிசையாக நிற்கும். மல்லிகைக்குத்தான் மரியாதை, செண்டுமல்லி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஆயுத பூஜை தாண்டிவிட்டால் கிலோ அஞ்சு ரூபாய்க்கும் போகாது, குப்பையில் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பூ இங்கே வாசலிலிருந்து படையல் வரை பாதை போட்டுக் கிடக்கிறது. இறந்தவர்கள் வழி தெரிந்து வருவதற்காக. இந்தப் பூவின் பூர்வீகமே மெக்ஸிகோதான். மெக்ஸிகோவின் பழங்குடி மொழியான நஹுவாத்லில் ‘செம்போவல்-ஷோசித்ல்’, இருபது பூ என்று அர்த்தம், அவ்வளவு அடுக்கு இதழ் என்பதால். அது திரிந்து செம்பசூச்சில் ஆகிவிட்டது. ஐரோப்பியர் கப்பல் ஏறி நம் ஊருக்கு வந்து, நம் மாலைக்குள் நுழைந்து, நம் பூவாகவே ஆகிவிட்டது. மிளகாயும் தக்காளியும் அப்படி வந்தவைதான். சப்போட்டா என்ற பெயர்கூட அதே நஹுவாத்ல் மொழியின் ‘த்ஸபோத்ல்’தான். நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே தூது வந்துவிட்டது, தூதர்தான் யாரும் வரவில்லை.

படையலுக்கு ‘ஒஃப்ரெண்டா’ என்று பெயர். அடுக்கடுக்காகக் கட்டி, மேலே போட்டோ, கீழே இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடு, ஒரு டம்ளர் தண்ணீர், உப்பு, மெழுகுவர்த்தி, வெட்டுவேலை செய்த வண்ணக் காகிதம், கொப்பால் சாம்பிராணி. தண்ணீர் நெடுந்தூரம் நடந்து வந்த தாகத்துக்கு. காகிதம் காற்றுக்கு, அது ஆடினால் வந்துவிட்டார்கள் என்று பொருள். ஆடி அமாவாசைக்கு இலை போட்டு, அப்பத்தாவுக்குப் பிடித்ததை வைத்து, காக்காய்க்காகக் காத்திருக்கிற வீட்டிலிருந்து போன எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் விளக்கம் சொல்ல ஆள் இருந்தார். தன்னார்வலராக வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்திருந்தது, கறுப்பினப் பிள்ளைகள், வெள்ளைப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள். அவர்களிடம் அவர் ‘இது மெக்ஸிகோ பண்பாடு’ என்று ஆரம்பிக்கவில்லை. “உங்களில் யாருக்காவது தாத்தா, பாட்டி, நாய்க்குட்டி யாராவது இறந்துபோயிருக்கிறார்களா?” என்று கேட்டார். எல்லாக் கையும் மேலே போனது. “அவர்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?” அவ்வளவுதான், பிள்ளைகள் நிறுத்தவே இல்லை. அதற்குப் பிறகு படையலைக் காட்டியபோது அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாக இல்லை.

நான் ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். பொங்கல் என்றால் சூரியனுக்கு நன்றி, நான்கு நாள் விழா என்று பவர்பாயிண்ட் போட்டுக் காட்டியிருக்கிறோம். ‘உங்கள் வீட்டில் அரிசி எங்கிருந்து வருகிறது’ என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஒவ்வொரு விளக்கப் பலகையும் ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கிறது. நிரந்தரக் காட்சிக்கூடத்தில் பழைய மண்பாண்டத்திலிருந்து இன்றைய சிகாகோ ஓவியர்கள் வரை. 2006-ல் இவர்கள் மெக்ஸிகோவில் இருந்த ஆப்பிரிக்கர்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தினார்கள், 1570-ல் வெராக்ரூஸ் பக்கம் அடிமைகளைத் திரட்டி மலையேறி எதிர்த்து நின்ற யாங்காவிலிருந்து ஆரம்பித்து. அது அமெரிக்க நகரங்களைச் சுற்றிவிட்டு மெக்ஸிகோவுக்கே போனது. தாய்நாடு பேசத் தயங்கிய விஷயத்தைப் புலம்பெயர்ந்தவர்கள் எடுத்துச் சொன்னதும், சிகாகோவில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு முகம் கொடுக்காமல் இருந்த மெக்ஸிகோக்காரர்கள், கறுப்பினத்தவர் என்ற இரண்டு சமூகங்களுக்கும் பேச ஒரு காரணம் கிடைத்ததும் ஒரே வேலையில் நடந்தது. பண்பாட்டுத் தூது என்றால் நடனக் குழுவை அனுப்புவது என்றுதான் நினைத்திருந்தேன்.

அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் கடையின் பெயர் த்ஸின்த்ஸுன்த்ஸான். புரேப்பெச்சா மொழியில் ரீங்காரச் சிட்டுகள் இருக்கும் இடம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சிறகடிக்கிற சத்தம் கேட்கும். சர்க்கரையில் செய்த மண்டையோடு ஒன்று வாங்கினேன், சிறியது, 4 டாலர்.

இரவு பத்து மணி. இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுப்பில் பெரிய அண்டா. கோழியும் பருத்த சோளமும் கொதிக்கின்றன. வீட்டுக்கார அம்மாவும் கோயில் தோழிகள் நான்கு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். எங்கே என்றால் போலீஸ் நிலையத்துக்கு. போன வருடம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து டெக்சாஸ் மாநிலத்திலிருந்து பேருந்து பேருந்தாக மக்களை இங்கே அனுப்புகிறார்கள். பெரும்பாலும் வெனிசுவேலாக்காரர்கள், இதுவரை 20,000 பேர் அளவில். தங்க வைக்க இடம் போதாமல் போலீஸ் நிலையங்களின் தரையிலும் வாசல் நடைபாதையில் கூடாரங்களிலும் படுக்கிறார்கள். செய்தியில் படித்திருந்தேன். நானும் வருகிறேன் என்றேன்.

கூடாரத்தின் மேல் பனி. பிளாஸ்டிக் செருப்போடு நின்ற ஒரு சின்னப் பையன் நாக்கை நீட்டிப் பனியைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவன் வாழ்க்கையில் முதல் பனியாக இருக்கும். அவன் அம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார். நான் கையுறையும் காலுறையும் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். விரல் மரத்துவிட்டது, அவர்கள் எத்தனை இரவாக இப்படி இருக்கிறார்கள் என்று நினைத்தால் அதைச் சொல்லவே கூடாது.

சூப்பில் மிளகாய் இல்லை. வீட்டுக்கார அம்மா சொன்னார்: “முதல் வாரம் எங்கள் வழக்கப்படி சிவப்பு மிளகாய் அரைத்து ஊற்றிக் கொண்டு வந்தோம். ஒருவரும் சாப்பிடவில்லை. வெனிசுவேலாக்காரர்களுக்குக் காரம் ஆகாது, சோள ரொட்டிகூட அவர்களுடையது வேறு, தடியாக இருக்கும். ஒரே பாஷைதான், ஆனால் பாதிச் சொல் புரியாது. நாங்கள்தான் கற்றுக்கொண்டோம்.” வெளியிலிருந்து பார்த்து ‘ஹிஸ்பானிக்’ என்று ஒரு பெயருக்குள் போட்டுவிடுகிறோம். உள்ளே யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம் இருக்கிறது.

நவம்பர் 1, புதன்

60-ம் எண் பேருந்து, 2.25 டாலர். பில்சனிலிருந்து லிட்டில் வில்லேஜ் என்ற இன்னொரு மெக்ஸிகோக்காரர் பகுதிக்கு, அவர்கள் சொல்வது லா வியீத்தா. வழியில் பெரிய மாவட்டச் சிறைச்சாலை. அதைத் தாண்டினால் தெருவுக்குக் குறுக்கே வளைவு, ‘பியென்வெனிதோஸ்’, வாருங்கள் என்று எழுதியிருக்கும். அத்ரியான் லோசானோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அதிலுள்ள கடிகாரம் மெக்ஸிகோ அரசு பரிசாகக் கொடுத்தது.

வளைவுக்கு அருகே தள்ளுவண்டியில் தமாலே. மக்காச்சோள மாவைச் சோளத்தோகைக்குள் வைத்து ஆவியில் வேகவைப்பது, நம் இலை அடை மாதிரி. ஒன்று 2 டாலர். மாவில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள், நான் கேட்டேன், அந்த அக்கா முகம் சுளிக்காமல் எண்ணெய் சேர்த்தது எது என்று தனியாக எடுத்துக் கொடுத்தார். சீஸும் பச்சை மிளகாயும் வைத்தது. கூடவே சோள மாவும் சாக்லேட்டும் கலந்த சூடான சம்புர்ராதோ. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து அரைப்பதால் வரும் அந்த மணத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை, புது வெள்ளையடித்த சுவர் பக்கத்தில் சோளச்சோறு வெந்தால் எப்படி இருக்கும், அப்படி. இந்தத் தள்ளுவண்டிகளுக்குச் சட்டப்படி அனுமதியே 2015-ல்தான் கிடைத்தது. அதுவரை அபராதத்துக்குப் பயந்து ஓடிக்கொண்டே விற்றார்களாம்.

அருங்காட்சியகம் நடத்தும் இளைஞர் பிரிவு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. யோயோகாயி என்று பெயர், நஹுவாத்லில் ‘இதயத்தின் வீடு’. 1997-லிருந்து நடக்கிறது, பிள்ளைகளுக்கு ஓவியம், வானொலி எல்லாம் இலவசம். உள்ளே போக நேரம் பொருந்தவில்லை. ஆனால் அக்கம்பக்கச் சுவர்களில் பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அந்தச் சிறைச்சாலைக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு வீடு இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பூட்ஸ் கடை ஒன்றில் குளிருக்கு ஒதுங்கினேன். கடைக்காரர் சக்கத்தேக்காஸ் மாநிலத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். ஒன்றும் வாங்க மாட்டேன் என்று தெரிந்தும் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். அவர் ஊர்க்காரர்கள் இங்கே சங்கம் வைத்திருந்ததாகவும், சங்கம் ஒரு டாலர் போட்டால் மெக்ஸிகோவின் மத்திய அரசு ஒன்று, மாநிலம் ஒன்று, நகராட்சி ஒன்று போடும் என்றும் சொன்னார். ஒன்றுக்கு மூன்று என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர், தொடங்கியதே சக்கத்தேக்காஸில்தான். அவர்கள் ஊருக்குக் குடிநீர்க் குழாயும் பள்ளிக்கூடக் கூரையும் அப்படித்தான் வந்தன. இப்போது அந்தத் திட்டம் இல்லை. சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

வெனிசுவேலாக்காரர்களைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “என் தம்பி இருபத்தெட்டு வருடமாக இங்கே வரி கட்டுகிறான், இங்கே இருப்பதற்கான காகிதம் இல்லை. நேற்று வந்தவர்களுக்கு வேலை செய்ய அனுமதி கொடுக்கிறார்கள். மனசு வலிக்காமல் இருக்குமா?” என்றார். செப்டம்பரில் அரசு, ஜூலை 31 வரை வந்துவிட்ட வெனிசுவேலாக்காரர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அறிவித்திருந்தது. அதைத்தான் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நேற்று இரவு பனியில் நின்ற அந்த அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் கிளம்பும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியைப் பார்த்தேன், ‘சிறுவர் பூட்ஸ், இலவசம்’ என்று ஸ்பானிஷில் எழுதியிருந்தது. யாருக்கு என்று கேட்டேன். கையை வீசி, “அவர்களுக்குத்தான், வேறு யாருக்கு” என்றார்.

நவம்பர் 2, வியாழன்

நேற்றைய நாள் இறந்த குழந்தைகளுக்கு, இன்றைய நாள் பெரியவர்களுக்கு. வெயில் வந்துவிட்டது, குளிர் இருந்தாலும் வானம் சுத்தம்.

வீட்டுக்கார அம்மாவின் முன்னறையில் நான் வந்த நாளிலிருந்தே படையல் இருந்தது. அவர் கணவர், அப்பா, அம்மா, பிறந்து ஒன்பது நாளில் போன ஒரு குழந்தையின் சின்னச் சட்டை. சட்டையைப் பற்றி அவராகச் சொல்லும்வரை நான் கேட்கவில்லை. இன்று காலையில் அவர் என்னிடம், “உனக்கு யார் இருக்கிறார்கள்?” என்றார்.

என் அப்பத்தா இறந்தது 2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை. விமானம் இல்லை, விசா குழப்பம், போனில் வீடியோவில்தான் பார்த்தேன், அதிலும் பாதியில் படம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஊருக்குப் போயிருக்கிறேன், திதியும் கொடுத்தாயிற்று. ஆனாலும் என் கையால் அவருக்கு ஒரு வாய்ச் சாப்பாடு வைக்கவில்லை. இதை நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. என் அரைகுறை ஸ்பானிஷில் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, அந்த அம்மாவுக்குப் புரிந்தது. போனில் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, “போ, முனையிலிருக்கிற மருந்துக் கடையில் அச்சடித்துக் கொடுப்பார்கள்” என்று அனுப்பிவைத்தார். நாற்பது சென்ட்.

திரும்பி வந்தபோது இடம் ஒதுக்கி வைத்திருந்தார், அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில். “என்ன பிடிக்கும்?” என்றார். கருப்பட்டிக் காபி. அப்பத்தாவுக்குச் சோறு இல்லாவிட்டாலும் அது வேண்டும். அதற்கு இங்கே எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அந்த அம்மா அடுப்படிக்குப் போய் ஒரு பழுப்புக் கட்டியை எடுத்து வந்து காட்டினார். கூம்பு வடிவம், பிலொன்சியோ. கரும்புச் சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றியது. அசல் அச்சு வெல்லம்! மண்பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, அந்தக் கட்டியையும் ஒரு பட்டையையும் போட்டு, காபித்தூளைக் கடைசியில் போட்டு இறக்கினார். கஃபே தே ஓயா, பானைக் காபி. கருப்பட்டி மணம் வேறுதான். ஆனால் வாயில் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

அருங்காட்சியகத்தில் வாங்கிய சர்க்கரை மண்டையோட்டின் நெற்றியில் இறந்தவர் பெயரை எழுத வேண்டும். சர்க்கரைப் பாகை ஒரு காகிதக் கூம்பில் ஊற்றிக் கொடுத்தார். தமிழில் எழுதினேன். கை நடுங்கி எழுத்து கோணிவிட்டது, அவர் அழிக்க விடவில்லை. விரலை எழுத்தின் மேல் படாமல் ஓட்டியபடி, எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். பெயரை வேண்டாம், அப்பத்தா என்றே சொல்லுங்கள் என்றேன். “அபதா.” இல்லை. “அப்பதா.” இல்லை, ‘த்தா’. கொப்பாலைப் பற்றவைத்துவிட்டு நான்காவது தடவை சரியாகச் சொன்னார், போட்டோவைப் பார்த்து, என்னைப் பார்த்து அல்ல.

பேருந்து மாலை நான்கரைக்கு. சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. தமாலே ஆறு, தோகையோடு துணியில் சுற்றிக் கொடுத்தார். “எண்ணெய்தான், கொழுப்பு இல்லை” என்றார். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பையன், போனைப் பார்த்தபடி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். ஒரு தமாலேவை அவனிடம் நீட்டினேன், தயங்கினான். உள்ளங்கையில் வைத்துவிட்டு, ப்ரோவேச்சோ என்றேன்.